பக்கத்து பெஞ்சில் பெய்த மழை

பன்னிரண்டாவது வயதில் நான் ஒருவனுடைய மழையைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இதைச் சொல்ல இந்த வயதிலும் கூச்சமாகத்தான் இருக்கிறது. அடுத்தவன் வீடு, தோட்டம், குதிரை வண்டி, பரீட்சைப் புள்ளி என்று மனிதர் வயிறெரிவதற்குக் கௌரவமான பொருள்கள் எத்தனையோ இருக்கின்றன. கொஞ்சம் அதிகமாகவே புத்தகம் படித்தவன் என்று என்னைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. படித்த எந்தப் புத்தகத்திலும் மேகத்தைப் பார்த்துப் பல்லைக் கடித்த ஆள் ஒருவனை நான் சந்திக்கவில்லை. அந்த வகையில் நானே முதல்வன் என்று நினைக்கிறேன்.

போன வாரம் என் மகன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, "விஞ்ஞானத்துக்கு ஏதாச்சும் ஆராய்ச்சி செய்யணுமாம், ஒரு தலைப்புச் சொல்லுங்க வாப்பா" என்று கேட்டான். "எதை வேணும்னாலும் செய், எதையும் அளக்காதே" என்றேன். அவன் என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டுப் போனான். அவனுக்குச் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன்.

அப்போது பதுளைக்கு ரயில் வரவில்லை. பண்டாரவளையோடு அது களைத்து நின்றுவிடும்; அதற்கப்பால் வர வேண்டியவர்கள் குதிரை வண்டியில் குலுங்கிக்கொண்டு வருவார்கள். கடைவீதியில் என் வாப்பாவுக்கு ஜவுளிக் கடை. நான் படித்தது பாதிரியார் நடத்திய பள்ளிக்கூடத்தில், ஆறாம் வகுப்பு. எங்கள் வகுப்பு ஆசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர். கோட்டுப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி வைத்திருப்பார். எறும்பு, சுண்ணாம்பு, மாணவன் காதில் உள்ள அழுக்கு எல்லாவற்றையும் அதன் வழியாகத்தான் பார்ப்பார்.

ஒரு நாள் அவர் மேசையைத் தட்டி அறிவித்தார்.

"மூண்டு மாசத்திலை இன்ஸ்பெக்டர் துரை வாறார். அதுக்குள்ளை ஒவ்வொருத்தனும் ஒரு ஆராய்ச்சி செய்யவேணும். ஆராய்ச்சி எண்டால் புத்தகத்தைப் பார்த்து எழுதுறது இல்லை. ஒரு கேள்வியைப் பிடி. அதை விடாதை. பதில் வந்தால் எழுது. வரேல்லையெண்டால், வரேல்லை எண்டு எழுது."

திறமான ஆராய்ச்சி செய்தவனுக்கு மேல் வகுப்பில் சம்பளம் கட்டாமல் படிக்கும் இடம் ஒன்று கிடைக்கும் என்றும் சொன்னார். ஒரே ஒரு இடம்.

வகுப்பு முழுவதும் விஞ்ஞானிகளாகியது. ஒருவன் எறும்புக்குச் சீனி பிடிக்குமா கருப்பட்டி பிடிக்குமா என்று பார்க்கப் புறப்பட்டு, இரண்டையும் தானே தின்று முடித்தான். இன்னொருவன் ஓர் அட்டையைத் தன் கணுக்காலில் கடிக்கவிட்டு, கடிப்பதற்கு முன்னும் பின்னும் தட்டார் தராசில் நிறுத்தான்; அவன் ஆராய்ச்சி வளர வளர அவன் வெளிறிக்கொண்டே போனான். நான் மழையைப் பிடித்தேன். காரணம் சோம்பல்தான். எறும்பை நாம் தேடிப் போக வேண்டும். மழை தானே வரும்.

துரதிர்ஷ்டவசமாக என் பக்கத்து பெஞ்சுக்காரனும் மழையைப் பிடித்திருந்தான்.

அவன் நமுனுகுல மலைச் சரிவில் உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிறவன். தகப்பன் சில்லறைக் கங்காணி. இருபது முப்பது ஆட்களுக்கு மேல் நிற்கும் சின்னக் கங்காணி. தினமும் ஐந்து மைல் இறங்கி வந்து, ஐந்து மைல் ஏறிப் போவான். வகுப்பில் நாங்கள் அவனை 'மலை' என்போம். மழையில் இருவரும் போட்டியிட ஆரம்பித்ததும் என்னை 'டவுன்' என்றார்கள்.

கருவியில் எனக்கு ஈடு இல்லை. வாப்பா கொழும்பு வியாபாரி ஒருவருக்கு எழுதி, உண்மையான பித்தளை மழைமானி வரவழைத்துக் கொடுத்தார். மேலே புனல், உள்ளே போத்தல், பக்கத்தில் அங்குலத்தின் நூறில் ஒரு பங்கு வரை கோடு போட்ட கண்ணாடிக் குழாய். அது வந்து இறங்கியபோது வாப்பா அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"துணிய அளந்தா ஆள் வாங்கும். மழைய அளந்து யாருக்கு மகன் விக்கப் போற?"

சொன்னாரே தவிர, மூன்று நாள் அதைக் கடை முகப்பில் வைத்து வாடிக்கையாளர்களுக்குக் காட்டிவிட்டுத்தான் என்னிடம் தந்தார். அந்த மூன்று நாளும் வெளியே மழை பெய்தது. ஆராய்ச்சிக்கென்று வந்த மழைமானியோ கூரைக்குக் கீழே இருந்தது.

மலையிடம் இருந்தது ஒரு தகரப் புனல், ஒரு போத்தல், தோட்டத்து ஃபெக்டரியில் வாய் உடைந்ததால் ஒதுக்கிப் போட்ட ஓர் அளவுக் குழாய். ஃபெக்டரிக் கணக்கப்பிள்ளை இரக்கப்பட்டுக் கொடுத்ததாம். அதைப் பார்த்துவிட்டு முதல் வாரம் நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

முதல் மாத முடிவில் ஆசிரியர் இருவர் கணக்கையும் கூட்டி உரக்கச் சொன்னார். மலைக்கு ஒன்பது அங்குலத்துக்கு மேல். எனக்கு மூன்று கூட இல்லை.

"என்னா டவுன், ஒங்க வீட்டுல மேகத்துக்கு அனுமதி இல்லையா?" என்றான் அட்டைக்காரன்.

"பித்தளையக் கண்டு மழ பயந்திருச்சுடா" என்றான் எறும்புக்காரன்.

இனிமேல் கடைசி நாள்வரை எவனுடைய குறிப்புக் கொப்பியையும் தான் பார்க்கப் போவதில்லை, ஆராய்ச்சி அவனவன் பொறுப்பு என்று ஆசிரியர் சொன்னார். நான் அதைக் கவனிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே நமுனுகுலவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் தலையில் கரிய மேகம் ஒன்று எருமை மாதிரிப் படுத்துக் கிடந்தது. அது எங்கள் பக்கம் ஓர் அடிகூட நகரவில்லை. அதை மலைதான் கட்டிப் போட்டிருக்கிறான் என்றே எனக்குப் பட்டது.

அதற்குப் பிறகு எனக்கு அவனிடம் பிடிக்காமல் போனவற்றுக்குக் கணக்கில்லை. கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, முழங்கால்வரை சேற்றோடு, தாடையில் நீர் சொட்ட வகுப்புக்குள் வருவான். காலை நேரத்தில் எல்லோரும் உலர்ந்து உட்கார்ந்திருக்க, ஒருவன் மட்டும் அவ்வளவு ஈரமாக வருவது எனக்குப் பீற்றலாகவே தெரிந்தது. அவன் தும்மினால்கூட, அதில் ஏதோ அங்குலக் கணக்கு இருப்பதாகத் தோன்றும். பள்ளிவாசலுக்குப் போனால் மழைக்காகத் துஆ கேட்டேன். எல்லோருக்குமான மழை அல்ல. எங்கள் கொல்லைப்புறத்துக்கு மட்டும், பித்தளைப் புனலுக்கு நேர் மேலே.

கடைசியில் மழை வராதபோது நானே அதை எழுதிக்கொள்வது என்று தீர்மானித்தேன்.

ஆனால் ஒரு சிக்கல். வாய்க்கு வந்த எண்ணை எழுதினால் அகப்பட்டுக்கொள்ளலாம். மழைக்கென்று ஒரு நடை இருக்கும்; ஒரு நாள் கொட்டும், இரண்டு நாள் ஓயும். அந்த நடை எனக்குத் தெரியாது, மலைக்குத் தெரியும். அவன் தினமும் காலையில் பெஞ்சில் உட்கார்ந்ததும், மடித்து வைத்த துண்டுக் காகிதத்தைப் பார்த்துக் கொப்பியில் அன்றைய எண்ணை எழுதுவான். நான் பென்சிலைத் தவறவிட்டு எடுக்கும் சாக்கில் அதைப் பார்த்துக்கொள்வேன். அதோடு பத்தைக் கூட்டுவேன். அவனுக்கு அரை அங்குலம், அதாவது நூற்றில் ஐம்பது என்றால் எனக்கு அறுபது. அவனுக்கு மழை இல்லாத நாளில் நானும் ஒன்றும் போட மாட்டேன். அந்த அளவுக்கு நியாயஸ்தன்.

இதில் எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. தோட்டத்தில் விடிகாலையில், பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்கள் திரளும்போது மழைமானியைப் பார்ப்பார்கள். அப்போது போத்தலில் இருப்பது முந்தின நாள் பெய்த மழை. ஆகவே முந்தின நாள் திகதிக்கு நேராக எழுத வேண்டும். கணக்கப்பிள்ளை மலைக்கு அப்படித்தான் பழக்கியிருந்தார். நானோ விடிகாலை என்ற ஒன்றைக் கேள்விப்பட்டவன் மட்டுமே. நேர்மையாக இருந்த காலத்தில் மாலையில் பள்ளிக்கூடம் விட்டு வந்துதான் அளந்தேன். அதனால் அவன் புதன்கிழமைக்கு நேராக எழுதிய எண்ணை வியாழக்கிழமை காலை திகதியைக் கவனிக்காமல் பார்த்து, பத்தைக் கூட்டி, வியாழனுக்கு நேராக எழுதிக்கொண்டு வந்தேன்.

இரண்டு மாதம் இப்படி நடந்தது. நடுவில் ஒரு நாள் சோற்று நேரத்தில் மலை தானாகவே பேச்சுக் கொடுத்தான்.

"ஒனக்கு அந்த எடம் கெடைச்சா என்னா செய்வ?"

"படிப்பேன். கெடைக்காட்டியும் படிப்பேன். வாப்பா சம்பளம் கட்டுவாரு."

அவன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே தலையாட்டினான். "எனக்குக் கெடைக்கலன்னா அடுத்த மாசம் பேரு பதியணும். அப்பா தொரைகிட்ட சொல்லி வச்சிட்டாரு. பெரட்டுல நிக்கணும்."

நல்ல மனமுள்ள ஒருவன் இதைக் கேட்டு அன்றைக்கே திருந்தியிருப்பான். நான் என்ன நினைத்தேன் என்றால்: பெரட்டிலேயே நின்றால் மழையை இன்னும் ஒழுங்காக அளப்பானே.

அந்த மாதத்தில்தான் பதுளையில் குதிரைப் பந்தயம் வந்தது. ஊவா முழுவதிலுமிருந்து தோட்டத் துரைமார் இறங்கி வருவார்கள். பாதிரியாருக்குப் பந்தயம் என்றால் சாத்தானின் சொந்த மைதானம். விடுமுறை விட மாட்டார், போகிறவனுக்கு ஆறு அடி என்று முன்கூட்டியே அறிவித்தும் விடுவார். பந்தய நாளான வியாழக்கிழமை அவர் ஆராதனைக்காகப் பண்டாரவளைக்குப் போயிருந்தார். காலையில் மலை எழுதிய எண்ணைப் பார்த்தேன்: ஒன்றே முக்காலுக்கு மேல், நூறில் ஒரு பங்கு என்ற கணக்கில் நூற்று எண்பத்திரண்டு. என் கொப்பியில் நூற்றுத் தொண்ணூற்றிரண்டு என்று எழுதினேன். மதியம் எனக்கு வயிற்றுவலி வந்தது. அட்டைக்காரனுக்கு மயக்கம் வந்தது. அவனுடையது உண்மையாகவும் இருக்கலாம். ஆசிரியருக்குத் தபால் கந்தோரில் ஒரு வேலை வந்தது.

மைதானத்தில் அப்படி ஒரு புழுதி. கடலைப் பொட்டலத்தைப் பிரித்தால் கடலைக்கு மேல் ஒரு பூச்சு மண். வேலி ஓரத்தில் ஆசிரியர் பூதக்கண்ணாடியை மறந்து, இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு நின்றார். பெரிய தொப்பி போட்ட செந்நிறத் துரை ஒருவர் நாற்காலியின் மேல் ஏறி நின்று ஒரு பழுப்புக் குதிரையைத் திட்டிக்கொண்டிருந்தார். தொண்டை வறண்டு வீட்டுக்குப் போய் ஒரு செம்புத் தண்ணீர் குடித்தேன். அன்றைக்கு நான் எழுதிவிட்டு வந்த கிட்டத்தட்ட இரண்டங்குல மழை ஒரு கணமும் நினைவுக்கு வரவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார். வண்டியிலிருந்து இறங்கியபோதே தொப்பியை அடையாளம் கண்டுகொண்டேன்.

அவரும் பாதிரியாரும் முன்னால் உட்கார்ந்தார்கள். எறும்பு ஆராய்ச்சி அரை நிமிடத்தில் முடிந்தது. அட்டைக்காரன் டப்பாவைத் திறந்ததும் இன்ஸ்பெக்டர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். பிறகு மலையும் டவுனும் ஒன்றாகப் போய் நின்றோம். அவர் இரண்டு கொப்பிகளையும் அருகருகே விரித்து வைத்தார். ஒரு பக்கம் பார்த்தார். அடுத்த பக்கம் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடியும் முதல் பக்கத்துக்கு வந்தார். அவருடைய முகம் கடலைப் பொட்டலத்தைக் கண்ட குழந்தையின் முகம் மாதிரி ஆகியது.

ஆங்கிலத்தில் வேகமாக ஏதோ சொன்னார். ஆசிரியர் எங்களுக்காகத் தமிழில் சொன்னார்.

"துரை சொல்லுறார், இது பெரிய கண்டுபிடிப்பாம். முதல் மாசம் ஒண்டும் பொருந்தேல்லை, இவங்கள் அப்ப பழகேல்லை. பிறகு பாருங்கோ எண்டு சொல்லுறார். நமுனுகுலவிலை ஒரு நாள் பெய்யிற மழை அடுத்த நாள் பதுளைக்கு வருகுதாம். ஒருக்காலும் தப்பேல்லையாம். வரேக்கை சரியாப் பத்துக் கூடி வருகுதாம்!"

பாதிரியார் எழுந்து வந்து கொப்பியைப் பார்த்தார். ஆண்டவனின் ஒழுங்கு என்று முணுமுணுத்தார். என்னுடைய களவு அறையின் நடுவே விஞ்ஞானமாக எழுந்து நின்றது. நான் இதைக் கனவிலும் திட்டமிடவில்லை. ஆனாலும் மார்பு விரிந்தது.

இன்ஸ்பெக்டரின் விரல் கொப்பியில் கீழே இறங்கி வந்து ஓரிடத்தில் நின்றது. பந்தய நாள். நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.

விரல் அங்கேயே இருந்தது. அவர் நெற்றி சுருங்கியது. அன்று அவர் நாற்காலி மேல் நின்ற மைதானத்தில், இரண்டங்குல மழை பெய்திருந்தால் பழுப்புக் குதிரை நீந்தியிருக்க வேண்டும். அவர் பாதிரியாரைப் பார்த்தார். ஆசிரியரைப் பார்த்தார். ஆசிரியர் கூரையைப் பார்த்தார். அட்டைக்காரன் டப்பாவைப் பார்த்தான். அந்த அறையில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அன்றைக்கு அந்தப் புழுதியைத் தின்றவர்கள். ஒருவராலும் வாய் திறந்து, அன்று மழை பெய்யவில்லை என்று சொல்ல முடியாது. எப்படித் தெரியும் என்று பாதிரியார் கேட்பாரே! "அன்று நான் பண்டாரவளையில் இருந்தேன்" என்றார் பாதிரியார் மகிழ்ச்சியோடு. இன்ஸ்பெக்டர் இருமினார், பக்கத்தைப் புரட்டினார்.

நான் தப்பித்துவிட்டேன். அத்தோடு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் இன்ஸ்பெக்டர் அடுத்துச் சொன்னதை ஆசிரியர் தமிழாக்கினார்.

"மூலம் மலையிலைதானாம். மலைப் பெடியனின்ரை கணக்கு இல்லாட்டில் டவுன் கணக்குக்குக் கருத்தே இல்லையாம். இவன்ரை மழை வால்தானாம், தலை அவன்ரையாம். கண்டுபிடிப்பு மலைப் பெடியனின்ரை பேரிலை கொழும்புக்குப் போகுமாம். இடமும் அவனுக்குத்தான்."

மலை என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையையும் கட்டிக்கொண்டான். அவன் கண் கலங்கியதை நான் பார்த்தேன். அது எனக்கு இரக்கத்தைத் தந்திருக்க வேண்டும். என் காதில் விழுந்து கொண்டிருந்தது ஒரே சொல்: வால். இரண்டு மாதம் பென்சிலைக் கீழே போட்டு, குனிந்து, கூட்டி, நான் படைத்த கண்டுபிடிப்பு அவன் பெயரில் கொழும்புக்குப் போகிறது! எனக்குக் கிடைக்காவிட்டால் போகட்டும், அவனுக்கும் கிடைக்கக் கூடாது என்ற ஒரு தெளிவான, நிதானமான, மிகவும் கேவலமான எண்ணம் என் வாயைத் திறந்தது.

"நோ ரெயின், சார்!"

எல்லோரும் திரும்பினார்கள். என் ஆங்கிலம் அவ்வளவுதான். இருந்ததை எல்லாம் கொட்டினேன்.

"ரேஸ் டே, சார். நோ ரெயின். ஒன்லி டஸ்ட். ஐ ஸீ, சார். டீச்சர் ஸீ, சார். யூ ஆல்ஸோ ஸீ, சார். பிக் செயார்!"

பாதிரியார் முதலில் என்னையும், பிறகு ஆசிரியரையும், கடைசியாக மிகவும் மெதுவாக இன்ஸ்பெக்டரையும் பார்த்தார். இன்ஸ்பெக்டர் சிவந்த முகத்தை இன்னும் சிவப்பாக்கிக்கொண்டு இரண்டு கொப்பிகளையும் படாரென்று மூடினார். ஒன்று பொய் என்றால் மற்றதும் பொய்யாக இருக்கலாம் என்றார். இரண்டு பயல்களும் சேர்ந்து செய்த விளையாட்டு என்றார். இடம் யாருக்கும் இல்லை என்றார். நான் விரும்பியது அப்படியே நடந்தது.

மலை கட்டிய கையைப் பிரித்தான். அவன் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"என்னோடது பொய் இல்லீங்க. எங்க ஃபெக்டரியில மழைக் கணக்குப் புஸ்தகம் இருக்குங்க. பெரிய தொரையே பாத்துக் கையெழுத்துப் போடுறது. ஆளு அனுப்பி எடுத்தாந்து ஒத்துப் பாருங்க. தப்பு இருந்தா நானே பெரட்டுக்குப் போயிர்றேங்க."

ஆசிரியர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். ஒரு சொல்லையும் விடாமல் சொன்னார். மறுநாள் தோட்டத்திலிருந்து தபால்காரன் அந்தப் புத்தகத்தைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு வந்தான். மூன்று மாதக் கணக்கில் மலைக்கும் ஃபெக்டரிக்கும் இடையில் இரண்டு மூன்று இடத்தில் நூற்றில் ஒன்றிரண்டு வித்தியாசம். அதுவும் குழாயின் உடைந்த வாயால் வந்தது. இன்ஸ்பெக்டர் போவதற்கு முன் இடத்தை அவன் பெயருக்கே எழுதிக் கொடுத்தார். கொழும்புக்கு ஒன்றும் போகவில்லை.

பாதிரியார் எனக்குப் பந்தயத்துக்கு ஆறும் பொய்க்கணக்குக்கு ஆறுமாகக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, எனக்கே நஷ்டம் என்று தெரிந்தும் உண்மையைச் சொன்னதற்காக என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடி வாங்கிய கை. உண்மையை எதற்காகச் சொன்னேன் என்று அவரிடம் சொல்லும் அளவுக்கு உண்மை என்னிடம் இல்லை. ஆசிரியர் அந்த வருடம் முழுவதும் என்னைப் பூதக்கண்ணாடி இல்லாமலே பார்த்தார்.

அடி வாங்கிய அன்று மாலை பள்ளிக்கூட வாசலில் மலை கம்பளியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். திட்டுவான், அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். என் வீங்கிய கையைத் திருப்பிப் பார்த்தான்.

"நான் ஒன்னப் பாத்து எழுதினது ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாமலா? தெனமும் பென்சிலக் கீழ போட்டுட்டு, கழுத்த நீட்டி, கண்ணச் சுருக்கி, ரொம்ப செரமப்பட்டுக்கிட்டு இருந்த. பாவமா இருந்திச்சு. அதுனாலதான் ஒனக்குத் தெரியட்டுமேன்னு கொஞ்சம் பெருசாவே எழுதினேன்" என்றான்.